இளையர் குழுவுக்கு டிராகன் படகோட்டம்: பாதுகாப்பாக ஏற்பாடு செய்வது எப்படி?

சமூக மன்ற இளையர் குழுவோ கோயில் இளையர் அணியோ பள்ளி இணைப்பாட நடவடிக்கைக் குழுவோ, பலர் ஜோடி ஜோடியாக அமர்ந்து முரசின் தாளத்துக்குத் துடுப்பு போடும் நீண்ட படகான டிராகன் படகில் ஓட்டம் ஒன்றை நடத்த நினைத்தால், ஏற்பாட்டாளர் முதல் வேலையாக நாளைக் குறித்துப் படகை முன்பதிவு செய்துவிடுகிறார். அதன் பிறகு நீச்சல் தெரியாதவர் எத்தனை பேர் என்பதும், எந்த அளவு அங்கிகள் வேண்டும் என்பதும், மழை வந்தால் யார் முடிவெடுப்பது என்பதும் ஒவ்வொன்றாகத் தெரியவரும்போது, குறித்த நாளை மாற்ற மனம் வராமல் எல்லாவற்றிலும் சற்றே விட்டுக்கொடுக்கத் தொடங்குகிறார். ஆகவே கீழே உள்ள படிகளின் வரிசை, படிகளைப் போலவே முக்கியமானது.

இது சிங்கப்பூரில் 12 முதல் 18 வயது வரையுள்ள, படகுக்குப் புதிய இளையரை முதன்முறையாகத் தண்ணீரில் இறக்கும் ஏற்பாட்டாளருக்காக எழுதப்பட்டது. தகுதி பெற்ற பயிற்றுவிப்பாளரும் நீர் விளையாட்டு மையத்தின் விதிகளும் உடன் இருக்கும் என்று வைத்துக்கொண்டே எழுதியிருக்கிறேன். அவற்றுக்கு மாற்றாக இதைக் கொள்ளலாகாது.

1. பொறுப்புகளை ஆள்பெயர் குறித்துப் பிரித்தல்

முதலில் ஒரு தாளில் நான்கு பொறுப்புகளையும் அவற்றுக்குரிய நான்கு பெயர்களையும் எழுதுங்கள்: முழு அமர்வுக்கும் பொறுப்பாளர், ஒவ்வொரு படகுக்கும் சுக்கான் பிடிப்பவர், பாதுகாப்புப் படகை ஓட்டுபவர், பெயர்ப்பட்டியலும் கைத்தொலைபேசியும் கையில் வைத்துக் கரையில் நிற்பவர். படகுகள் இரண்டானால் சுக்கான் பிடிப்பவரும் இருவர். ஆனால் ஒரே ஆள் இரண்டு பொறுப்புகளை ஏற்கக் கூடாது.

முழுப் பொறுப்பாளர் கரையில் இருக்க வேண்டும், படகில் ஏறக் கூடாது. படகில் அமர்ந்திருப்பவருக்கு அந்தப் படகு மட்டுமே தெரியும். மேற்கே கறுத்துவரும் வானமும், பின்தங்கிய இரண்டாவது படகும், கழிவறைக்குப் போய்விட்டுத் திரும்பாத சிறுவனும் அவர் பார்வைக்கு வருவதில்லை.

அமர்வை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதையும் அதே தாளில் குறித்துவிடுங்கள். என் கருத்தில், பணம் கட்டி முன்பதிவு செய்தவர் இந்த முடிவை எடுப்பவராக இருக்கக் கூடாது, ஏனெனில் கட்டிய தொகையும் வந்து நிற்கும் பெற்றோரின் முகங்களும் அவருடைய தீர்ப்பை அசைத்துவிடும்.

2. ஓடாத நீரைத் தேர்ந்தெடுத்தல்

புதியவர்களுக்கு ஏற்றது நீரோட்டமும் அலையும் இல்லாத, கரை அருகிலேயே இருக்கும் நீர்நிலை. காலாங் பேசின் ஒருகாலத்தில் கடலின் ஏற்ற இறக்கத்துக்கு உட்பட்டிருந்தது. 2008ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டுக்குப் பின் அது நன்னீர்த் தேக்கத்தின் பகுதியாகிவிட்டது. பிடோக் நீர்த்தேக்கமும் ஓடாத நீர் என்பதால் பொருத்தமானது. கடலோர மையங்கள் அனுபவப்பட்டவர்களுக்கு நல்லவை. முதல் அமர்வுக்கு அல்ல.

ஓடும் நீரில் நிகழ்ந்த இரண்டு விபத்துகளை ஒவ்வோர் ஏற்பாட்டாளரும் அறிந்திருக்க வேண்டும். 2007 நவம்பர் 23 அன்று கம்போடியாவின் புனோம் பென் நகரில், போட்டி முடிந்து திரும்பிய சிங்கப்பூர் தேசிய அணியின் படகு தொன்லே சாப் ஆற்றின் வேகமான நீரோட்டத்தில் சிக்கி மிதவை மேடை ஒன்றின் பக்கம் இழுக்கப்பட்டுக் கவிழ்ந்தது. படகில் இருந்த 22 பேரில் ஐவர் உயிரிழந்தனர். அவர்கள் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவில்லை. 2018 ஏப்ரல் 21 அன்று சீனாவின் குய்லின் நகரில் பயிற்சிக்குச் சென்ற இரண்டு படகுகள் ஆற்றில் ஒரே இடத்தில் கவிழ்ந்து 17 பேர் இறந்தனர்.

முதல் நிகழ்ச்சியில் படகில் இருந்தவர்கள் தேசிய விளையாட்டாளர்கள் என்பதை மறக்க வேண்டாம். நிலையான ஒரு பொருளின் மீது ஓடும் நீர் படகைத் தள்ளும்போது உடல் வலிமையால் அதை விலக்க முடியாது. எனவே தேங்கிய நீரிலும்கூட, மிதவை மேடை, பாலத்தூண், நங்கூரமிட்ட படகு, குப்பை தடுக்கும் மிதவைத் தடுப்பு ஆகியவை எங்கெங்கே உள்ளன என்று முன்னதாகவே ஒருமுறை நேரில் நடந்து பார்த்து, படகு போகும் எல்லையை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கயாக் ஓட்டுவோரும் துடுப்புப் படகினரும் எந்தப் பக்கத்தில் வந்துபோகிறார்கள் என்பதை மைய ஊழியரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

3. பெற்றோர் படிவத்தில் சரியான கேள்விகள்

"நீச்சல் தெரியுமா? ஆம் / இல்லை" என்ற கேள்வி பயனற்றது. இடுப்பளவு நீரில் கை கால் அடிப்பதையே நீச்சல் என்று கருதும் பெற்றோர் பலர் உள்ளனர். ஸ்விம்சேஃபர் என்ற தேசிய நீச்சல் பாதுகாப்புத் திட்டத்தில் எந்த நிலை வரை முடித்திருக்கிறார், கடைசியாக எப்போது நீந்தினார், கால் எட்டாத ஆழத்தில் இருந்த பழக்கம் உண்டா என்று தனித்தனியே கேளுங்கள்.

மருத்துவப் பகுதியில் ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, தோள்பட்டை நழுவிய வரலாறு, ஒவ்வாமை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். "ஏதேனும் நோய் உண்டா" என்ற பொதுக் கேள்விக்கு "இல்லை" என்ற பதிலே வரும். வலிப்பு உள்ளவரை மருத்துவரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் ஏற்றக் கூடாது. ஆஸ்துமா உள்ளவரின் மருந்துக்குழல் நீர் புகாத பையில் அவர் ஏறும் படகிலேயே இருக்க வேண்டும். அதைக் கரையில் வைத்திருப்பதால் பயனில்லை.

படிவங்களைத் திரும்பப் பெறும் கடைசி நாளை நீச்சல் சோதனைக்கு ஒரு வாரம் முன்பாக வையுங்கள். அமர்வு நாள் காலையில் கையெழுத்துடன் வரும் படிவத்தை யாரும் படிப்பதில்லை.

4. நீச்சல் குளத்தில் ஒரு சோதனை

படகுக்கு முன் குளம். இந்தப் படியைத்தான் புதிய ஏற்பாட்டாளர்கள் அடிக்கடி தாண்டிச் செல்கிறார்கள், "அங்கிதான் போடப்போகிறார்களே" என்பதே அதற்கு அவர்கள் சொல்லும் காரணம். அங்கி உடலை மிதக்க வைக்கும், ஆனால் பயத்தைப் போக்காது. திடீரென நீரில் விழுந்து பதறும் ஒரு பிள்ளை அருகில் இருப்பவரின் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும்போது ஆபத்து இருவருக்கும் வந்துவிடுகிறது.

உயிர்மீட்பாளர் பணியில் இருக்கும் குளத்தில், படகில் அணியும் டி-சட்டையும் அரைக்காற்சட்டையும் உடுத்தியபடி, ஒவ்வொருவரும் இரண்டு காரியங்களைச் செய்ய வேண்டும். முதலாவது, அங்கி இல்லாமல் 50 மீட்டர் நீந்தி, சில நிமிடங்கள் ஒரே இடத்தில் மிதந்து நிற்பது. இரண்டாவது, அங்கியுடன் ஆழமான பகுதியில் குதித்து, தலை மூழ்கி எழுந்து, தானாகவே மல்லாந்து மூச்சைச் சீராக்கிக்கொள்வது.

முதலாவதில் தேறாதவரை உடனே விலக்க வேண்டியதில்லை. பெரியவர் ஒருவருக்குப் பக்கத்து இருக்கையில் அமர்த்தலாம். இரண்டாவதில் அழுதவரையோ ஏணியை விடாதவரையோ அந்த முறை படகில் ஏற்ற வேண்டாம். கரையில் நேரக் கணக்கு, பெயர்ப்பட்டியல், தண்ணீர் விநியோகம் என்று அவருக்கு உண்மையான வேலை கொடுங்கள். அடுத்த முறைக்குள் குளத்தில் பழகிக்கொள்வார். இந்தத் தெரிவை மற்றவர்கள் முன் அறிவிக்காமல் தனியே சொல்வது நல்லது, இல்லையெனில் அடுத்த சோதனையில் யாரும் பயத்தை வெளிக்காட்ட மாட்டார்கள்.

5. நாளும் நேரமும் வானிலையும்

இப்போதுதான் நாளைக் குறிக்க வேண்டும். சிங்கப்பூரில் பருவமழைக்கு இடைப்பட்ட மாதங்களான ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் பிற்பகலிலும் மாலையிலும் இடிமழை அதிகம். காலையென்றாலே பாதுகாப்பு என்றும் நினைத்துவிட முடியாது: ஏப்ரல் முதல் நவம்பர் வரை மேற்கிலிருந்து வரும் சுமத்ரா சூறைக்காற்று விடியலுக்கு முன்போ காலைப்பொழுதிலோ வீசுவது வழக்கம், அதன் வேகம் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை எட்டும். ஆயினும் பொதுவாகக் காலை 8 மணி முதல் 10.30 வரையிலான நேரம், வெயிலையும் பிற்பகல் இடியையும் ஒருசேரத் தவிர்க்க உதவுகிறது.

மாற்று நாள் ஒன்றையும் முதல் அறிவிப்பிலேயே குறிப்பிட்டுவிடுங்கள். மாற்று நாள் இருக்கும்போது நிறுத்தும் முடிவு எளிதாகிறது.

மின்னலைப் பொறுத்தவரை பேரம் பேச இடமே இல்லை. திறந்த நீர்ப்பரப்பில் படகில் இருப்பவர்களே உயரமான பொருள். மின்னலைக் கண்டதற்கும் இடியோசை கேட்டதற்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் எல்லாப் படகுகளும் கரைக்கு வர வேண்டும். கடைசி இடியோசைக்குப் பிறகு 30 நிமிடம் கழிந்தாலொழிய யாரும் தண்ணீருக்குத் திரும்பக் கூடாது. மையத்தின் எச்சரிக்கை ஒலி அதற்கு முன்பே எழுந்தால் அதற்கே கீழ்ப்படிய வேண்டும். கரையேறிய பின் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் செல்ல வேண்டும். புதியவர்களின் படகு கரைக்கு மெதுவாகத்தான் வரும் என்பதால், 10 நிமிடத்துக்குள் திரும்ப முடியாத தொலைவுக்கு அவர்களை அழைத்துச் செல்லாமல் இருப்பதே உண்மையான ஏற்பாடு.

வெப்பத்துக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி செயலியைப் பாருங்கள். வெப்ப அழுத்தத்தின் அளவீடு 31 டிகிரிக்குக் கீழே குறைவு என்றும், 31 முதல் 33 வரை மிதம் என்றும், 33ஐத் தொட்டால் அதிகம் என்றும் அது வகைப்படுத்துகிறது. அதிகம் என்று காட்டும்போது புதியவர்களின் அமர்வை நடத்துவதில்லை என்று நான் வைத்திருக்கிறேன். மிதம் என்றால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை துடுப்பை நிறுத்தித் தண்ணீர் குடிக்கச் செய்ய வேண்டும். புகைமூட்டக் காலத்தில் காற்றுத்தரக் குறியீடு 100ஐத் தாண்டினால் பிள்ளைகளின் அமர்வைத் தள்ளிவைத்துவிடுங்கள்.

6. உயிர்காப்பு அங்கியைத் தேர்ந்தெடுத்தலும் அணிவித்தலும்

படகோட்டத்துக்கு வழக்கமாகப் பயன்படுவது 50 நியூட்டன் மிதப்பாற்றல் உள்ள, கைகளைத் தடையின்றி அசைக்க உதவும் அங்கி. இது நீந்தத் தெரிந்தவருக்கு, உதவி அருகில் இருக்கும்போது போதுமானது. மயங்கியவரின் முகத்தை மேல்நோக்கித் திருப்பிவிடும் என்று இதிலிருந்து எதிர்பார்க்க முடியாது. நன்றாக நீந்தாதவர்களுக்கு 100 நியூட்டன் வகையை மையத்திடம் கேட்டுப் பெறுங்கள். அது சற்றுப் பருமனாக இருந்து கைவீச்சைக் குறைக்கும்தான். முதல் அமர்வில் வேகம் எதற்கு?

அளவை உடல் எடையை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். அங்கியின் உட்புறச் சீட்டில் எடை வரம்பு அச்சிடப்பட்டிருக்கும். எனவே படிவத்தில் எடையையும் கேட்டு, எந்த அளவில் எத்தனை வேண்டும் என்று மையத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அன்று காலையில் பெரியவர்களுக்கான அங்கிகள் மட்டுமே தொங்கிக்கொண்டிருந்தால், மெலிந்த 12 வயதுப் பிள்ளைக்கு அதை இறுக்கிக் கட்டி அனுப்பும் எண்ணம் வரும். அப்படிக் கட்டிய அங்கி நீரில் விழுந்ததும் மேலேறி முகத்தை மூடிவிடும்.

அணிந்த பின் சோதிக்கும் முறை எளியது. அரைப்பட்டையை முதலில் இறுக்கி, பிறகு மேலுள்ளவற்றை இறுக்கச் சொல்லுங்கள். பிறகு ஒருவர் முன்னால் நின்று தோள்பட்டைகள் இரண்டையும் மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். அங்கி காதுவரை எழுந்தால் அது பெரியது அல்லது தளர்வானது. இந்தச் சோதனையை நண்பர்கள் ஒருவருக்கொருவர் செய்யலாம், ஆனால் கடைசியாகப் படகுத்துறை வாயிலில் பெரியவர் ஒருவர் ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்த்தே உள்ளே விட வேண்டும்.

துறையில் கால் வைப்பதற்கு முன் அணிந்த அங்கியைத் திரும்பத் துறையை விட்டு வெளியேறிய பிறகே கழற்றலாம். நிழற்படம் எடுக்கும்போது கழற்றுவது, புழுக்கத்தால் பட்டைகளைத் தளர்த்துவது, ஓய்வில் மிதக்கும்போது முன்பக்கத்தைத் திறந்துவிடுவது ஆகியவையே நான் மீண்டும் மீண்டும் காணும் மீறல்கள். மூன்றையுமே பெரும்பாலும் பெரியவர்கள் தொடங்கிவைக்கிறார்கள்; பிள்ளைகள் பின்பற்றுகிறார்கள். சுக்கான் பிடிப்பவர் அங்கி அணியாவிட்டால் படகு கிளம்பக் கூடாது.

7. படகும் துடுப்பும் உடைகளும்

அனைத்துலகப் போட்டிகளுக்குரிய பெரிய படகு ஏறத்தாழ 12.5 மீட்டர் நீளமும் 1.16 மீட்டர் அகலமும் கொண்டது. அதில் 20 பேர் துடுப்பு போடுவர். முரசடிப்பவரும் சுக்கான் பிடிப்பவரும் சேர்ந்தால் 22 பேர். சிறிய படகில் 10 பேர் துடுப்பு போட, மொத்தம் 12 பேர். புதிய இளையருக்கு 12 பேர் படகையே பரிந்துரைப்பேன். கவிழ்ந்தால் 12 தலைகளை எண்ணுவது எளிது, ஒரு பாதுகாப்புப் படகால் சமாளிக்கவும் முடியும். ஒரு பெரிய படகுக்குப் பதில் இரண்டு சிறியவை வேண்டுமென்றால் சுக்கான் பிடிப்பவரும் இருவர் தேவை, செலவு கூடும். அந்தச் செலவைக் குறைக்க முயல வேண்டாம்.

பெரிய படகின் எடை 250 கிலோ அளவில் இருக்கும். அதைத் தூக்குவதும் இறக்குவதும் பெரியவர்களின் வேலை. விரல் நசுங்குவதும் முதுகு பிடிப்பதும் தண்ணீரில் நிகழ்வதைவிடக் கரையில்தான் அதிகம்.

துடுப்பின் நீளத்தைப் படகில் அமரச் செய்து பாருங்கள். துடுப்பின் அகன்ற அடிப்பகுதியான அலகு முழுவதும் நீரில் அமிழ்ந்திருக்கையில் மேல்கை முக உயரத்தில் இருந்தால் சரி. தலைக்கு மேல் போனால் துடுப்பு நீளம். பிள்ளை எட்டிப் போடுவதற்காகப் படகுக்கு வெளியே சாய்வான், படகும் சாயும்.

ஒவ்வொரு படகிலும் நீர் இறைக்கும் குவளைகள், இழுகயிறு, உதிரித் துடுப்பு ஒன்று, நீர் புகாத பையில் கைத்தொலைபேசி, சுக்கான் பிடிப்பவரிடம் ஊதல் ஆகியவை இருக்க வேண்டும். எறிகயிறும் முதலுதவிப் பெட்டியும் பாதுகாப்புப் படகிலும் கரையிலும் ஒவ்வொன்று வேண்டும்.

உடை உடலோடு ஒட்டியதாகவும் எளிதில் உலர்வதாகவும் இருக்கட்டும். ஜீன்ஸ், துப்பட்டா, தொங்கும் கயிறுள்ள மேலாடை, கழுத்துச் சங்கிலி வேண்டாம். மூக்குக்கண்ணாடிக்குப் பட்டை கட்டுங்கள். காலில் பின்பட்டை உள்ள காலணி போதும். பூட்சு வகை நீர் நிறைந்து கனக்கும். கையிலோ காலிலோ வெட்டுக்காயம் உள்ளவர்கள் நீர்புகாப் பட்டையால் மூடிக்கொள்ள வேண்டும்.

8. நிலத்திலேயே கட்டளைகளைப் பழக்குதல்

கரையில் நீள இருக்கைகளைப் படகின் வரிசைப்படி போட்டு, ஜோடி ஜோடியாக அமர வைத்துப் பழக்குங்கள். தண்ணீரில் முதன்முதலாகக் கேட்கும் கட்டளை யாருக்கும் புரிவதில்லை. காற்றும் முரசும் சிரிப்பும் அதை விழுங்கிவிடும்.

முதல் நாளுக்கு நான்கு கட்டளைகள் போதும்: துடுப்பைத் தயாராக வைத்தல், போடத் தொடங்குதல், போடுவதை நிறுத்துதல், துடுப்பை நீரில் ஊன்றிப் படகை நிறுத்துதல். ஐந்தாவதாக ஒரு பாதுகாப்புக் கட்டளையைச் சேர்க்க வேண்டும். படகு ஆடும்போது எல்லோரும் துடுப்பின் அலகைப் படுக்கை வாட்டமாக நீரின் மேல் பதித்து, கையை நீட்டி, உடலைத் தாழ்த்தி அசையாமல் இருக்க வேண்டும். இரு பக்கத்திலும் விரிந்த துடுப்புகள் படகைத் தாங்கிக்கொள்கின்றன. ஆட்டம் கண்டதும் பயந்து விளிம்பைக் கையால் பற்றுவதே இயல்பான தூண்டுதல். அதைச் செய்தால் துடுப்பு பயனற்றுப் போகும், இரண்டு படகுகள் உரசினால் விரல்களும் நசுங்கும்.

மையம் எந்தச் சொற்களைப் பயன்படுத்துகிறதோ அதே சொற்களைக் கரையிலும் பயன்படுத்துங்கள். நிறுத்தும் கட்டளையை யாரும் சொல்லலாம், கேட்டவர் அனைவரும் கீழ்ப்படிய வேண்டும். தொடங்கும் கட்டளையைச் சுக்கான் பிடிப்பவர் மட்டுமே சொல்ல வேண்டும்.

கவிழ்ந்தால் என்ன செய்வது என்ற விளக்கத்தையும் இங்கேயே சொல்லி முடியுங்கள். விவரம் 11ஆம் பகுதியில் உள்ளது.

9. இருக்கை வரிசையும் ஏறும் முறையும்

ஒரே பலகையில் அமரும் இருவரின் எடை ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கனமானவர்கள் நடுவிலும், தாளம் பிடிக்கத் தெரிந்தவர்கள் முதல் வரிசையிலும் இருக்கட்டும். நெருங்கிய நண்பர்களை அடுத்தடுத்து அமர்த்தச் சொல்லிக் கேட்பார்கள்; எடை ஒத்துவராவிட்டால் இணங்க வேண்டாம். வளரும் வயதில் இரண்டு 14 வயதினரிடையே 30 கிலோ வேறுபாடும் இருக்கக்கூடும் என்பதால், வகுப்பை வைத்தோ வயதை வைத்தோ ஜோடி சேர்ப்பது தவறாகிவிடும்.

சுக்கான் பிடிப்பவரைத் தவிர இன்னொரு பெரியவர் நடு வரிசையில் இருக்க வேண்டும். முன்னால் நிகழ்வதைப் பின்முனையில் நிற்பவர் முழுமையாகப் பார்க்க முடியாது.

ஒவ்வொருவருக்கும் முன்முனையிலிருந்து தொடங்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, கரையிலேயே உரக்கச் சொல்லவைத்து, கரைப் பொறுப்பாளரின் தாளில் எழுதுங்கள். பக்கத்தில் அமர்பவரே துணை. ஒருவர் மற்றவருக்குப் பொறுப்பு.

ஏறும்போது இருவர் துறையில் மண்டியிட்டுப் படகைப் பிடித்துக்கொள்ள, நடுவிலிருந்து தொடங்கி இரு முனைகளை நோக்கி ஜோடி ஜோடியாக ஏற வேண்டும். காலைப் படகின் நடுக்கோட்டில் வைத்து, குனிந்து, உடனே அமர வேண்டும். முரசடிக்கும் உயர்ந்த இருக்கை முதல் அமர்வுகளில் காலியாகவே இருக்கட்டும். உயரத்தில் பிடிமானம் இல்லாமல் அமர்ந்திருப்பவரே படகு திடீரென நிற்கும்போது முதலில் விழுகிறார்.

10. தண்ணீரில் முதல் ஒரு மணி நேரம்

பாதுகாப்புப் படகு நீரில் இறங்கி, எஞ்சின் இயங்கி, ஓட்டுபவர் கைகாட்டிய பிறகே டிராகன் படகைத் துறையிலிருந்து விடுவிக்க வேண்டும். "அது பின்னால் வரும்" என்று நம்பிக் கிளம்புவது வழக்கமான பிழை. இரண்டாவது டிராகன் படகையும் பாதுகாப்புப் படகாகக் கருத வேண்டாம்: பாரமேறிய, தாழ்ந்த விளிம்புள்ள ஒரு படகு, நீரில் தத்தளிப்போர் பற்றிக்கொண்டால் தானும் சாயும்.

துறைக்கு அருகில் நிறுத்துதலை முதலில் பழக்குங்கள், வேகத்தைப் பிறகு. நிறுத்தத் தெரியாத குழு எதன்மீதும் மோதலாம். அடுத்து, ஜோடி வரிசைகள் இரண்டிரண்டாகத் துடுப்பு போட, மற்றவர்கள் அலகைப் படுக்க வைத்துப் படகைத் தாங்கட்டும். எல்லோரும் ஒரே சமயத்தில் போடுவது கடைசியில்தான் வர வேண்டும்.

புதியவர்களின் படகு கவிழ்வதற்குச் சில காரணங்களே திரும்பத் திரும்ப அமைகின்றன. நழுவவிட்ட துடுப்பை எடுக்க ஒருவர் எட்டுவார், அவரைப் பிடிக்கப் பின்னால் இருப்பவரும் எட்டுவார். வேடிக்கை பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் திரும்புவார்கள். தண்ணீரை வாரி இறைக்கும் விளையாட்டு தொடங்கும். நடுநீரில் இடம் மாற இருவர் எழுந்து நிற்பார்கள். நழுவிய துடுப்பைப் பாதுகாப்புப் படகே எடுக்கும் என்றும், கரைக்கு வராமல் இடமாற்றம் இல்லை என்றும் கிளம்பும் முன்பே சொல்லிவிட்டால் பாதித் தொல்லை தீரும். எஞ்சின் படகின் அலை பக்கவாட்டில் வருவதைக் கண்டால் சுக்கான் பிடிப்பவர் முன்முனையை அலையை நோக்கிச் சாய்வாகத் திருப்பி, தாங்கும் கட்டளையைச் சொல்ல வேண்டும்.

ஒருவர் மட்டும் விழுந்தால் படகை உடனே ஊன்றி நிறுத்துங்கள். பாதுகாப்புப் படகு அவரை ஏற்றிக்கொள்வதே முதல் வழி. படகிலேயே ஏற்ற நேர்ந்தால், எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்கள் அனைவரும் அலகைப் பதித்துத் தாங்கியிருக்க, அருகிலுள்ள இருவர் மட்டும் அங்கியின் தோள்பட்டைகளைப் பிடித்து இழுக்க வேண்டும்.

11. கவிழ்தல் பயிற்சி

இதை முதல் அமர்வின் இறுதியில், துறையிலிருந்து நீந்தும் தொலைவில், திட்டமிட்டுச் செய்ய வேண்டும். எப்படியும் நனையப்போவதால் கடைசியில் வைப்பது வசதி. இது முடியும் வரை குழுவை எல்லைக்கு அப்பால் அழைத்துச் செல்லக் கூடாது. நீரின் ஆழமும் அடியில் ஏதும் இல்லை என்பதும் மையத்திடம் உறுதிசெய்யப்பட்டிருக்க வேண்டும். மையம் தன் படகைக் கவிழ்க்க அனுமதிக்காவிட்டால், படகிலிருந்து ஜோடியாகக் குதித்து மற்ற படிகளைச் செய்யலாம். சுக்கான் துடுப்பு கனமானது, முகத்தில் அடிக்கக்கூடியது. பயிற்சிக்கு முன் அதைக் கழற்றிப் பாதுகாப்புப் படகில் கொடுத்துவிடுங்கள்.

வரிசை இதுதான். மேலே எழுந்ததும் படகைப் பற்றிக்கொள்ள வேண்டும். அடுத்து, துணையைத் தேடிப் பார்த்துக் கையைத் தொட வேண்டும். பிறகு சுக்கான் பிடிப்பவர் எண்ணத் தொடங்க, முன்முனையிலிருந்து ஒவ்வொருவரும் தம் எண்ணைக் கத்த வேண்டும். எண் விட்டுப்போனால், எல்லோரும் மௌனமாக இருக்க, இரு பெரியவர்கள் கவிழ்ந்த படகின் அடியில் பார்க்க வேண்டும்.

படகின் அடியில் சிக்குவதைப் பற்றித் தெளிவாகச் சொல்லிக் கொடுங்கள். அங்கி உடலை மேல்நோக்கித் தள்ளுவதால், கவிழ்ந்த படகுக்குள் தலை முட்டும். அங்கே காற்று இருக்கும்; பதறத் தேவையில்லை. ஒரு கையால் இருக்கைப் பலகையைத் தொட்டு, பக்கவாட்டில் விளிம்பு வரை நகர்ந்து, விளிம்பைப் பிடித்துத் தன்னை வெளியே தள்ளிக்கொள்ள வேண்டும். குளத்துச் சோதனையிலேயே ஒரு மிதவைப் பாயைத் தலைக்கு மேல் வைத்து இதைப் பழக்கினால், பின்னர் பயம் பெரிதும் குறைகிறது.

எல்லா எண்களும் வந்த பின் படகின் இரு பக்கமும் சமமாகப் பிரிந்து பற்றிக்கொள்ளட்டும். யாரும் மேலே ஏற வேண்டாம். ஒருவர் ஏறினால் படகு உருண்டு மற்றவர்மேல் விழும். கரை அருகில் தெரிந்தாலும் தனித்து நீந்தக் கூடாது, ஏனெனில் சிதறிய தலைகளைப் பாதுகாப்புப் படகு தேடிப் பிடிப்பது கடினம். படகு ஏதேனும் தடையை நோக்கி இழுபட்டால் மட்டுமே சுக்கான் பிடிப்பவரின் சொல்லுக்கிணங்க ஜோடியாக விலகலாம்.

பாதுகாப்புப் படகு மெதுவாக நெருங்கி, ஆட்களின் அருகில் எஞ்சினை நிறுத்திவிட்டு, களைத்தவரையும் சிறியவரையும் முதலில் ஏற்றும். நீர் நிறைந்த படகை நடுநீரில் இறைக்க முயல வேண்டாம். ஒரு கன மீட்டர் நீரே ஆயிரம் கிலோ, நிறைந்த படகில் அதைப்போல் பல மடங்கு இருக்கும். ஆட்கள் எல்லோரும் கரை சேர்ந்த பிறகு அதை இழுத்து வரலாம்.

12. கரையேறிய பின்

இறங்குவது ஏறியதன் தலைகீழ் வரிசை: முனைகளிலிருந்து தொடங்கி நடுவில் முடிய வேண்டும். துறையைக் கடக்கும்போது கரைப் பொறுப்பாளர் எண்களைத் தாளில் அடித்துக்கொண்டே வரட்டும். கடைசி எண் அடிபடும் வரை பாதுகாப்புப் படகு நீரிலேயே இருக்க வேண்டும். கடைசிப் படகு ஒதுங்கியதும் எஞ்சினை அணைத்துவிடும் அவசரத்தை அடிக்கடி பார்க்கிறேன்.

எல்லோரும் சோப்பிட்டுக் குளித்து, காயங்களைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். தலைவலி, குமட்டல், வியர்வை நின்றுபோதல், தடுமாற்றம் ஆகியவை தெரிந்தால் வெப்பப் பாதிப்பாகக் கருதி நிழலில் படுக்க வைத்துக் குளிர்விக்கவும். பேச்சு குழறினாலோ மயங்கினாலோ தாமதமின்றி 995ஐ அழைக்கவும். நீரை விழுங்கியவர் அல்லது நீரில் திணறியவர் பிறகு இருமிக்கொண்டே இருந்தாலோ மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதைப் பெற்றோரிடம் நேரில் சொல்லுங்கள், குறுஞ்செய்தி போதாது.

பிள்ளைகள் கலையும் முன்பே, பெரியவர்கள் சேர்ந்து தடுமாறிய இடங்களை எழுதிவைக்க வேண்டும்: தளர்ந்திருந்த பட்டை, கேட்காத கட்டளை, எடை ஒவ்வாத ஜோடி, எண்ணிக்கை முடியப் பிடித்த நேரம். அந்தத் தாளை அடுத்த அமர்வின் பொறுப்பாளரிடம், பெற்றோர் படிவங்களை அவர் அச்சிடுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.